சூடானால் நின்றுபோகும் அப்பச்சியின் ஆர்.எக்ஸ். 100: 135 கிட் போடலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் பதினோரு வருடமாகப் போர்த்திக் கிடந்த அப்பச்சியின் (அப்பாவின்) 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐப் பொங்கலுக்கு வந்தபோது கிளப்பினேன். ஸ்டார்ட் ஆகிறது. 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அமுங்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டாலும் உறுமல் உடனே இறங்குவதில்லை. ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் நின்றுவிடுகிறது. அப்போது கிக்கர் கல்லாக நிற்கிறது, கால்மணி நேரம் ஆறினால் இறங்குகிறது. இன்ஜினில் தெம்பு இல்லை, 135 போர் கிட் (ஆர்.எக்ஸ். 135-ன் பெரிய பிளாக், பிஸ்டன்), சேம்பர் (வயிறு பருத்த ரேஸ் வகை) சைலன்சர் போட்டு ஆயில் பம்பைக் கழற்றிவிடலாம், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு மெக்கானிக். ஆர்.சி. காலாவதி. வண்டி இன்னும் காலமான அப்பச்சி பேரில் இருக்கிறது. அதையும் முடித்துத் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். கோடையில் கொடைக்கானல் போய்வர ஆசை. என்ன செய்யலாம் அண்ணே?

பதில்: தம்பி, முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். இன்றைக்கே.

நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் இருக்கட்டும். சூட்டில் கிக்கர் கல்லாக நிற்கிறது, ஆறினால் இறங்குகிறது என்ற ஒரு வரி போதும். பிஸ்டன் வீங்கி, அது ஏறி இறங்குகிற பிளாக்கைப் பிடிக்கிறது. ஆறினதும் சுருங்கி விடுகிறது. எத்தனை முறை இப்படி நடந்ததோ தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் பிஸ்டனில் கொஞ்சம் தோல் உரிந்திருக்கும். ஒருநாள் ஓடுகிற வண்டியில் விடாமல் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுபோகும். திருச்சி சாலையில் பின்னால் லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில் இருக்கிற இன்ஜினைப் பார்த்துத் தெம்பு இல்லை, 135 போடுங்கள் என்று சொன்னவர் வண்டியைத் தொட்டே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தெம்பெல்லாம் இருக்கிறது. 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்த வண்டி இது. 1985 கடைசியில் வந்து 1996 வரை தயாரானது. அந்தக் காலத்தில் இந்த எடையில் இந்த இழுவை அரிது. அதை முதலில் மீட்டெடுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றுகிற தண்டு) இருக்கிற பெட்டியும் மூச்சு விடுகிறது. பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை கார்ப்ரேட்டர் வழியாக அந்தப் பெட்டிக்குள் வந்துதான் மேலே பிளாக்குக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கிருந்து வெறும் காற்று உள்ளே புகும். பெட்ரோல் குறையும், அதோடு வரும் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டும் உறுமல் இறங்காததற்கும் அதுதான் காரணம்.

ஓட்டை எங்கே? பெரும்பாலும் கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கிற ஆயில் சீல்தான். ரப்பர். பதினோரு வருடம் நம் ஊர் வெயிலில் சும்மா கிடந்தால் பழைய அப்பளம்போல விறைத்துவிடும். மேக்னெட் (மின்சாரம் எடுக்கிற காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் போனால் காற்று புகும், பிளக் வெள்ளையாக இருக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை குப்பென்று வரும், பிளக் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். உங்கள் வண்டிக்கு நான் சந்தேகப்படுவது முதலாவதை.

சந்தேகத்தில் சீல் மாற்ற வேண்டாம். என் பட்டறையில் ஒரு பழைய ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, டாக்டர்கள் கையில் கட்டிப் பம்ப் அடிப்பார்களே, அதேதான். பட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயைக் கார்ப்ரேட்டர் இருந்த இடத்தில் ரப்பர் கார்க் வைத்துப் பொருத்துவேன். சைலன்சரைக் கழற்றி, பிளாக்கில் அது சேருகிற வாயையும் ரப்பர் வைத்து அடைப்பேன். ரப்பர் உருண்டையை அமுக்கி முள்ளை 250-க்குக் கொண்டுவந்து விட்டுவிடுவேன். நல்ல இன்ஜினில் முள் ஐந்து நிமிடம் கழித்தும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். சீல் போன இன்ஜினில் கண் முன்னாலேயே இறங்கும். மேக்னெட்டைக் கழற்றி சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு சீல் ஓரமாகத் தடவினால் நுரை பூத்துக் காட்டிக்கொடுக்கும். பிளாக் அடியில் இருக்கிற பேக்கிங்கிலும், கார்ப்ரேட்டரைப் பிடித்திருக்கிற ரப்பரிலும் அதே மாதிரி தடவிப் பாருங்கள். உங்கள் மெக்கானிக் இதைச் செய்யாமல் எந்தப் பொருளையும் மாற்றச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் நீங்களே செய்யக்கூடியது ஒன்று. இன்ஜின் நன்றாக ஆறியதும் சைலன்சரைக் கழற்றி, அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தினால் பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். மேலிருந்து கீழாக மெல்லிய முடிக்கோடுகள் மட்டும் இருந்தால் பிழைத்தோம், தேய்த்துச் சரிசெய்யலாம். அலுமினியம் உருகி அப்பியதுபோல் திட்டுத்திட்டாக இருந்தால் போர் அடிக்க வேண்டும், அதாவது பிளாக்கின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்க வேண்டும். அப்போது ஒன்றை மறக்காதீர்கள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்குத் தக்கபடி லேத்தில் பிளாக்கைக் கடைய வேண்டும். பிளாக்கைக் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவது தலைகீழ். 0.25, 0.50 மி.மீ. என்று அடுத்த அளவுக்குத்தான் போக வேண்டும். ஒரேயடியாக 1.00-க்குத் தாவச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிளாக்கின் ஆயுளை ஒரே நாளில் தின்றுவிடுவார்கள்.

சைலன்சரைக் கழற்றிய கையோடு அதற்குள்ளும் பாருங்கள். மூடிக்கிடந்த வீடுகளிலிருந்து வருகிற வண்டிகளில் குளவிக்கூடு இல்லாத சைலன்சரை நான் பார்ப்பது குறைவு. மண்ணும் கார்பனும் சேர்ந்து அடைத்திருந்தால் 50-க்கு மேல் அமுங்கத்தான் செய்யும். உள்குழாயை உருவி காஸ்டிக் சோடா தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, கை உறையோடு, கண்ணைக் காத்துக்கொண்டு கழுவுங்கள். டேங்க் மூடியின் காற்றுத்துளையையும் ஊதிப் பாருங்கள். கார்ப்ரேட்டரின் ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடுகிற சிறு துளைகளை) கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

இன்னொன்று, பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1994-ல் இந்த வண்டிக்கு ஜெட் அளவு வைத்தவர்கள் அதை நினைத்து வைக்கவில்லை. எத்தனால் கலந்தால் கலவை பெட்ரோல் குறைந்ததுபோல் இன்னும் கொஞ்சம் காய்ந்துபோகும், பழைய ரப்பரையும் அரிக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். டியூப், புளோட் வாஷர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். சீல் சரியான பிறகும் பிளக் வெளுத்தே இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றுங்கள். பிளக் முனை, சீப்புச்சீடை எண்ணெயில் சற்று அதிகம் சிவந்தால் வருமே, அந்த நிறத்தில் இருக்க வேண்டும்.

இப்போது 135 கிட். ஆர்.எக்ஸ். 100-ன் பிஸ்டன் 50 மி.மீ. அகலம், 135-ன் பிஸ்டன் 58 மி.மீ. அந்தப் பிளாக் உட்கார உங்கள் கேஸின் (கிராங்க் பெட்டியின்) வாயை லேத்தில் கடைந்து அகலமாக்க வேண்டும். கடைந்த கேஸ் கடைந்ததுதான், பழையபடி ஆகாது. போன வருடம் தேவகோட்டையிலிருந்து இப்படி ஒரு வண்டி வந்தது. கடைந்தவன் நடுவைத் தவறவிட்டிருக்கிறான். பேக்கிங் உட்காருகிற விளிம்பு ஒரு பக்கம் நகக்கண் அளவுகூட இல்லை. அங்கிருந்து காற்று புகுந்து மூன்று பிஸ்டன் போயிருக்கிறது. கேஸ் கெட்டால் வேறு கேஸ் தேட வேண்டும், கேஸில்தான் இன்ஜின் நம்பர் இருக்கிறது. அங்கே ஆரம்பிக்கிறது அடுத்த வலை. நம்பரைத் தேய்த்துப் பழைய நம்பரைப் பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்பார்கள். திருட்டு வண்டியின் கேஸாக அது இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அந்தப் பேச்சு எடுத்தவரிடம் வண்டியை ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். சேம்பர் சைலன்சரும் அப்படியே. உங்கள் ஒரிஜினல் சைலன்சரும் அளந்து செய்த சேம்பர்தான், குரோம் உறைக்குள் இருப்பதால் தெரிவதில்லை. அதை வெட்டி எறிந்தவர்கள் பிறகு அதே ஒரிஜினலைத் தேடி அலைகிறார்கள்.

ஆயில் பம்ப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பம்ப் இன்ஜின் வேகத்துக்கும் ஆக்சிலேட்டருக்கும் தக்கபடி ஆயில் கொடுக்கிறது. ஆக்சிலேட்டரை மூடினாலும் சுழலுகிற வேகத்துக்குக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பம்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டினால், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது பெட்ரோலும் சரியாகப் போகாது, ஆயிலும் சரியாகப் போகாது. ஆகவே பம்பைத் தொடாதீர்கள். பதினோரு வருடப் பழைய ஆயில் கூழாகியிருக்கும். அதை வடித்து, ஆயில் டேங்கைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றி, பம்பில் இருக்கிற குறியையும் கேபிளையும் சரிபார்க்க வேண்டும். முதல் இரண்டு டேங்குக்குப் பம்ப் ஓடுவதோடு லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துகொள்ளுங்கள். புகை வந்தால் வரட்டும்.

ஒரே ஒரு நிலையில் பம்பை எடுக்கலாம். பம்பின் உள்பல் தேய்ந்துபோய், ஒரிஜினல் கிடைக்காமல், கிடைத்ததெல்லாம் டூப்ளிகேட் என்று உறுதியான பிறகு. அப்போதும் மூன்று வேலை முடிக்காமல் எடுக்கக்கூடாது. பம்பிலிருந்து ஆயில் உள்ளே போகிற அந்தச் சிறு துளையை முழுதாக அடைக்க வேண்டும். அதைத் திறந்து விட்டுவிடுவார்கள், அதுவே புது ஓட்டையாகி அதே காற்று அங்கேயும் புகும். பம்ப் இருந்த இடத்துக்கு சீலோடு மூடி போட வேண்டும். பிறகு எந்தப் பங்கில் நின்றாலும் ஆயிலை அளந்து ஊற்றிய பிறகே பெட்ரோல். வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுப்பார்கள் என்றால், அவர்களுக்கு இது தெரியாது என்றால், இந்த விதிவிலக்கும் கிடையாது. கழற்றிய பம்பைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அதை வாங்க வெளியே ஆள் காத்திருக்கிறது, கழற்றச் சொல்கிறவர்களில் பலருக்கு அதுதான் கணக்கு.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்று இங்கே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும், அதனால் மலைமேல் கலவை பெட்ரோல் கூடி வண்டி மந்தமாகும். பனி மலைகளில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டுகிறவர்கள் உயரத்துக்கு ஏற்ப ஜெட் மாற்றுவார்கள். நீங்கள் மாற்ற வேண்டாம். மேலே சிறிய ஜெட் போட்டு, அதை மறந்து சமவெளிக்கு இறங்கினால் பிஸ்டன் மறுபடியும் பிடிக்கும். மந்தமாக ஏறுவது நல்லது.

ஆர்.சி. விஷயம். முடித்துத் தருகிறேன் என்று வந்தவர், அப்பச்சி கையெழுத்து போட்டு விற்றதுபோலப் படிவம் 29, 30 தயார் செய்யப் போகிறார். அதுதான் அவர்களுக்கு எளிது. காலமானவர் கையெழுத்தைப் போடுவது மோசடி, அதற்கு நீங்களும் துணை போனதாகும். வாரிசுக்கு என்று தனியாகப் படிவம் 31 இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வைத்து உங்கள் பெயருக்கு மாற்றி, படிவம் 25-ல் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அப்பச்சிக்கு எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் பேசிவிடுங்கள், ஆச்சியிடம் முதலில். இருபது வருடத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்தைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரியும் தாமத அபராதமும் தனி. தொகையை அரசு இணையதளத்தில் பார்த்து அங்கேயே கட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

உங்களுடையது பழைய புத்தக ஆர்.சி.யாக இருந்தால், கணினியில் ஏற்றாமல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஏற்றினால்தான் விண்ணப்பமே திறக்கும். இதற்காக ஒரு வாடிக்கையாளரோடு நான் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். பதிவேடு கிடைக்கவில்லை, சர்வர் இல்லை, அந்தப் பிரிவு ஆள் லீவு, நாளை வா. வரியையெல்லாம் ஒழுங்காகக் கட்டின வண்டி அது. சரியான காகிதத்தோடு வருகிறவனை இத்தனை முறை நடக்கவிட்டால் அவன் தரகரிடம் போகாமல் என்ன செய்வான்? அப்படியும் போகாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

விண்டேஜ் பதிவு வாங்கித் தருகிறேன் என்றும் ஒருவர் வருவார். பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூண் வாங்க வருகிறவர்களைச் சுற்றுவது போல இவர்களும் சுற்றுகிறார்கள். விண்டேஜ் என்பது முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிக்கு. 1985-ல் வந்த மாடலுக்கு 2035-க்கு முன்னால் வாய்ப்பே இல்லை. கிடைத்தாலும் தினமும் ஓட்ட முடியாது.

இந்த வாரம் சைலன்சரைக் கழற்றிப் பிஸ்டனையும், பிளக்கையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பிளாக்கைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் அளவு பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 50, 75 (அதாவது 0.50, 0.75 மி.மீ. கூடுதல்) என்று ஏதாவது இருந்தால் ஏற்கெனவே போர் அடித்த பிளாக், என்னிடம் கேட்காமல் லேத்துக்குக் கொடுக்காதீர்கள்.