பிலிப் என்னும் பெயரின் பொருள்: தங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். பிலிப் என்ற பெயருக்கு ஒரு தளத்தில் 'அன்பானவன்' என்றும் இன்னொன்றில் 'வீரன்' என்றும் இருப்பதால், மகனின் ஞானஸ்நான அழைப்பிதழில் எதை அச்சிடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம், 'குதிரைகளை நேசிப்பவன்' என்பதே சரியான பொருள்.

மூல வடிவம் பிலிப்போஸ். நேசத்தைக் குறிக்கும் 'பிலோஸ்', குதிரையைக் குறிக்கும் 'ஹிப்போஸ்' என்ற இரு கிரேக்கச் சொற்கள் அதில் இணைந்துள்ளன. முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால்தான் 'அன்பானவன்' என்று வரும்; 'வீரன்' என்பதற்கு அதில் இடமே இல்லை.

பண்டைய கிரேக்கத்தில் குதிரை வளர்ப்பது வசதி படைத்தவர்களுக்கே இயன்றது என்பதால், பெயரில் 'ஹிப்போஸ்' இருப்பது குடும்பத்தின் மதிப்பைக் காட்டியது. கி.மு. 423-இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' நாடகத்தில், உயர்குடித் தாய் மகனின் பெயரில் குதிரை வந்தே தீரவேண்டும் என்கிறாள். சிக்கனக்காரத் தந்தையோ பாட்டனார் பெயரான பெய்டோனிடீஸையே வைக்க விரும்புகிறார். நெடுநாள் சச்சரவுக்குப் பின் இரண்டையும் ஒட்டிப் பெய்டிப்பிடீஸ் என்று வைக்கிறார்கள். பெயர் வைப்பதில் வரும் இழுபறி அன்றும் இருந்திருக்கிறது.

இப்பெயரைப் புகழ்பெறச் செய்தவர் அலெக்சாந்தரின் தந்தையான மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் (கி.மு. 382–336). கி.மு. 356-இல் ஒலிம்பியாவில் அவருடைய குதிரை வென்றது. அவர் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் குதிரைமேல் அமர்ந்த உருவத்தைக் காணலாம்.

ஆயினும் தங்கள் விழாவுக்கு நெருக்கமானவர், இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவரும் பெத்சாயிதா ஊரினருமான பிலிப்பு. அழைப்பிதழில் பொருளை எழுதி, அதன் கீழே அவரையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.