பிரம்மத்தைப் பற்றிப் பேசலாமா?

அன்புள்ள ஐயா,

பிரம்மம் சொல்லுக்கும் மனதுக்கும் எட்டாதது என்று தைத்திரீய உபநிடதமே சொல்கிறது. பிறகு எதற்கு இத்தனை பாஷ்ய உரைகள், இத்தனை சண்டைகள்? பேசாமல் தியானத்தில் உட்கார்ந்தால் போதாதா? இயற்பியல் சொல்லும் ஆற்றல்தான் பிரம்மம் என்கிறார்களே, சரியா? சென்ற ஆண்டு அப்பா காலமானார். எப்போது கேட்டாலும் "எல்லாம் அதுதான்டா" என்பார், அதற்கு மேல் சொன்னதில்லை. இப்போது இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா போன பிறகு அவரிடம் கேட்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

ஆற்றல் விஷயத்தை விடுங்கள். ஆற்றல் அளக்கக்கூடியது. அளக்கிறவனையும் உள்ளடக்கிய ஒன்றைப் பற்றி உபநிடதம் பேசுகிறது. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் இரண்டையும் படிக்காதவர்கள்.

ஆனால் "பேசாமல் உட்கார்ந்தால் போதாதா" என்றதும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக நானும் தைத்திரீயத்தில்தான் இருக்கிறேன். சொற்கள் எட்டாமல் திரும்பிவிடும் என்ற ஒரு வரியை மட்டும் பிய்த்து வைத்துக்கொள்கிறீர்கள். போகாத சொல் எப்படித் திரும்பும்? ஓரடிகூட எடுத்து வைக்காமல் மௌனம் என்றால் அது வெறும் சோம்பல்.

அதே உபநிடதத்தின் அடுத்த பகுதியான பிருகு வல்லியைப் பாருங்கள். பிருகு தன் தந்தை வருணனிடம் பிரம்மத்தைச் சொல்லித் தரக் கேட்கிறான். உயிர்கள் எதிலிருந்து பிறந்து, எதனால் வாழ்ந்து, எதற்குள் போய்ச் சேர்கின்றனவோ அதைத் தேடு என்கிறார் தந்தை. அவரும் அதிகம் சொல்லவில்லை, எஸ். பிருகு தவம் செய்து, அன்னமே பிரம்மம் என்று கண்டு, திரும்ப வந்து மறுபடி கேட்கிறான். தந்தை தவறென்று சொல்லவில்லை, மீண்டும் அனுப்புகிறார். அடுத்தடுத்துப் பிராணன் என்ற உயிர்மூச்சு, மனம், விஞ்ஞானம் என்ற பகுத்தறியும் அறிவு, கடைசியில் ஆனந்தம் என்று கண்டு வருகிறான். நீங்கள் சொல்லும் தியானத்தை அவனும் செய்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவோடு வந்து கேள்வியோடு நின்றான். ஆனந்தத்தை எட்டிய பிறகும் உபநிடதம் அங்கேயே நின்றுவிடவில்லை. அன்னத்தைப் பழிக்காதே, வீடு தேடி வந்தவனைத் திருப்பி அனுப்பாதே என்று சோற்றுக்கே வருகிறது. எல்லாவற்றிலும் நிறைந்தது என்றால் இதிலும்தானே!

வருணன் சொன்ன அந்த வாக்கியத்தை வைத்துத்தான், உபநிடதங்களின் கருத்தைத் தொகுத்துச் சொல்லும் பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் சூத்திரம் நிற்கிறது. பிரம்மம் ஒன்றே உண்மை என்ற அத்வைதத்தைச் சொன்ன சங்கரரும் அதை மறுத்த ராமானுஜரும் மோதுவது அங்கெல்லாம்தான். அதைச் சண்டை என்று எழுதிவிட்டீர்கள். பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் ராமானுஜர் அத்வைதத்தின் தரப்பை எவ்வளவு விரிவாக, எவ்வளவு வலுவாக முன்வைக்கிறார் தெரியுமா? மறுப்பு அதற்குப் பிறகுதான். எனக்கு அதைச் சொல்லித் தந்த வைணவப் பெரியவர் அந்தப் பூர்வபட்சத்திலேயே, அதாவது எதிர்த்தரப்பைச் சொல்லும் பகுதியிலேயே, என்னை நிறுத்தி வைத்திருந்தார். "அத்வைதி கேட்டால் 'ஆமாம், இதுதான் என் கட்சி' என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லு, அப்புறம் மறுக்கலாம்" என்பார். நான் அவசரப்பட்டால் புத்தகத்தை மூடிவிடுவார். இன்று நம்மில் யார் எதிராளியை அப்படிக் கேட்கிறோம்?

தியானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பிருகு வல்லியைச் சங்கரர் உரையோடு படியுங்கள், பத்தே அனுவாகங்கள், சின்னச் சின்னப் பிரிவுகள்தான். அப்பாவிடம் கேட்க நினைத்ததை எல்லாம் ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். அதில் எது தீராமல் நிற்கிறதோ அதை எனக்கு எழுதுங்கள்.