புதிதாக வாங்கிய லெப்பர்ட் கெக்கோ ஆறு நாளாக எதையும் தின்னவில்லை, என்ன செய்வது?

லெப்பர்ட் கெக்கோ (புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி) வாங்கி ஆறு நாள் ஆகிறது, ஒரு பூச்சிகூடத் தின்னவில்லை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கையில் எடுத்துப் பார்க்கிறேன், இடுக்கியில் பிடித்து வாய்க்கு நேரே ஆட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த பல்லி என்றும் வால் குண்டாக இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் ஆறு நாள் பட்டினியில் அது சாகாது. ஆனால் அந்த நாலைந்து தடவை கையில் எடுப்பதை இந்த நிமிடமே நிறுத்துங்கள்.

நானும் இதே இடத்தில் நின்று புலம்பியவன்தான். நாங்கள் இருப்பது டொராண்டோவில். மூன்று வருடத்துக்கு முன் ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 14, மகளின் பிறந்தநாளுக்கு என்று போய் ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கினோம். கடைக்காரர் தயிர் டப்பா மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார், அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு முட்டையை அடைகாப்பது போல முக்கால் மணி நேரம் காரில் வந்தேன். வீட்டில் நுழைந்ததும் மகள், அவளுடைய தோழிகள் மூன்று பேர், ஆளுக்கொரு முறை கையில் வைத்துப் போட்டோ. அன்றைக்கு ராத்திரியே எட்டு கிரிக்கெட் பூச்சிகளை (நம்ம ஊர் சுவர்க்கோழிதான், இங்கே டப்பாவில் விற்கிறார்கள்) மொத்தமாக உள்ளே கொட்டினேன். காலையில் பார்த்தால் எட்டும் உயிரோடு இருக்கின்றன, அதில் ஒன்று பல்லியின் வால்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பல்லி மூலையில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது. பின்னால்தான் தெரிந்தது, பசித்த கிரிக்கெட் ராத்திரியில் பல்லியையே கடித்துப் புண்ணாக்கிவிடுமாம். கால் மணி நேரத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஏழாம் நாள் ஊரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் சொல்லிப் புலம்பினேன். காசு கொடுத்துப் பல்லி வாங்கியதையே அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "டேய், நம்ம வீட்டு ட்யூப்லைட்டுக்குப் பின்னாடி நாலு கெடக்கு, என்னைக்காவது அதுகளுக்கு நான் எலை போட்டிருக்கனா?" என்றார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் விஷயம் இருக்கிறது. ட்யூப்லைட் பட்டிக்குப் பின்னால் கொஞ்சம் சூடு இருக்கிறது, உடம்பு இடுக்கில் அழுந்தி மறைகிற மாதிரி இடம் இருக்கிறது, வெளிச்சத்துக்குப் பூச்சி தானாக வந்து எதிரே ஓடுகிறது. வீட்டுப் பல்லி இந்த மூன்றையும் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியில் கிடக்கிற பல்லிக்கு அந்த மூன்றையும் நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாமல் வாய்க்கு நேரே புழுவை ஆட்டி என்ன பயன்?

மூன்றில் முதலாவது சூடு. நான் கோட்டை விட்டதும் அங்கேதான். கண்ணாடியில் ஒட்டுகிற வட்டமான தெர்மாமீட்டர் ஒன்று தொட்டியோடு வந்தது, அது எப்போதும் 31 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஒன்பதாம் நாள் நண்பர் ஒருவர் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் கொண்டுவந்து, துப்பாக்கி மாதிரி நீட்டித் தரையைப் பார்த்து அழுத்தினார். 24. ஹீட் மேட்டுக்கு (தொட்டிக்குக் கீழே வைக்கிற மின்சாரச் சூட்டு விரிப்பு) மேல் நான் அழகுக்காகக் கனமாகப் பரப்பியிருந்த தேங்காய் நார்த் தூள் சூட்டை மேலே வரவிடாமல் தடுத்திருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய கருவி காட்டுவது கண்ணாடியின் சூட்டை, பல்லியின் வயிறு படுகிற தரையின் சூட்டை அல்ல.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. தின்றது செரிக்க வேண்டுமானால் வெளியிலிருந்து சூடு ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் விழுங்கிய பூச்சி செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும், இல்லை கக்கிவிடும். அதனால் குளிரில் கிடக்கிற பல்லி சாப்பிட மறுப்பது அடம் இல்லை, அதுதான் அதற்குப் பாதுகாப்பு. சூடான பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி வரை, மறு பக்கம் 24, 25. ராத்திரியில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, 20க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட் மேட் தொட்டியின் மூன்றில் ஒரு பங்குத் தரைக்குக் கீழே இருந்தால் போதும், முழுத் தரைக்கும் போட்டால் சூடு அதிகமானபோது அதற்கு ஒதுங்க இடம் இருக்காது. தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்துகிற கருவி) இல்லாமல் ஹீட் மேட்டைச் சொருகவே சொருகாதீர்கள், 40ஐத் தாண்டி ஏறி வயிற்றைச் சுட்டுவிடும். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் செடியில் பிடியுங்கள், தெர்மோஸ்டாட்டில் வேண்டாம்.

அடுத்து ஒளிவிடம். பாலைவன மிருகம் என்று நினைத்துப் பலர் மணலைக் கொட்டிவிடுகிறார்கள். இவற்றின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம். அங்கே இவை வாழ்வது பெரும்பாலும் கல்லும் கெட்டித் தரையுமான வறண்ட நிலத்தில், பகலெல்லாம் பாறை இடுக்கில் கிடந்துவிட்டுக் கருக்கலில் வெளியே வரும். உங்கள் தொட்டியில் ஒரே ஒரு பாதி மரக்கட்டை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமான பேப்பர் டவலோ பாசியோ போட்ட மூடிய டப்பா ஒன்று, ஆக மூன்று வேண்டும். ஒன்றுதான் இருந்தால் அது சூடா மறைவா என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், பயந்த பல்லி மறைவைத்தான் எடுத்துக்கொள்ளும், சூடு போய்விடும், சாப்பாடும் போய்விடும். ஒளிவிடம் விசாலமாக இருக்கக்கூடாது, முதுகும் பக்கமும் இடிக்கிற மாதிரி இருந்தால்தான் அதற்கு நிம்மதி. தரைக்கு இப்போதைக்கு வெறும் பேப்பர் டவல் போடுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனால் எச்சம் போட்டதா இல்லையா என்பது பளிச்சென்று தெரியும், புழுவோடு சேர்த்து மணலை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்கிற வம்பும் இல்லை. தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியை வெளியிலிருந்து துணியால் மூடுங்கள். தண்ணீர் மாற்ற, எச்சம் எடுக்க, இரை வைக்க, வாரத்துக்கு ஒரு தடவை எடை போட மட்டும் கை உள்ளே போகட்டும், இரண்டு வாரம் அப்படியே.

சூட்டைச் சரிசெய்த பிறகும் எங்கள் பல்லி உடனே தின்றுவிடவில்லை. பதிமூன்றாம் நாள் ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, ஹாலில் சின்ன விளக்கு மட்டும் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டபடி கிரிக்கெட்டுக்குப் பதிலாக மூன்று மீல்வார்ம் புழுக்களை ஒரு வழவழப்பான ஜாடி மூடியில் போட்டு வைத்தேன். அந்தக் கடையில் அதற்குக் குஞ்சிலிருந்தே புழுதான் போட்டிருக்கிறார்கள், கிரிக்கெட் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒளிவிடத்தின் வாசலில் மூக்கு தெரிந்தது. நாக்கால் தரையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தது. நாலு அடி வைத்தது, நின்றது. மூடிக்குள் புழு நெளிந்து ஓரத்தில் ஏறிச் சறுக்குகிற கரகர சத்தம் எனக்கே கேட்டது, பல்லி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு கல் மாதிரி அசையாமல் இருக்க, வாலின் நுனி மட்டும், எலியைப் பார்த்த பூனைக்கு ஆடுவது போல, படபடவென்று ஆட ஆரம்பித்தது. டக்கென்று ஒரு கொத்து. தாடை நாலு தடவை அசைந்தது, கண்ணை இறுக்கி மூடி விழுங்கியது (வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு), உதட்டை நக்கிக்கொண்டது. நான் மூச்சு விடாமல் தரையில் குப்புறப் படுத்துக்கிடந்தேன், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி என்னைப் பார்த்துப் பயந்துபோனார்.

ஆக, நீங்களும் முதலில் கடையில் கேளுங்கள்: அங்கே என்ன போட்டார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எந்த நேரத்தில், கடைசியாக எப்போது தின்றது. கடையில் பல நேரம் விற்பதற்கு முந்தின நாள்தான் வயிறு நிறையத் தின்றிருக்கும், வளர்ந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை போதும் என்பதால் உங்கள் ஆறு நாள் நீங்கள் நினைக்கிற அளவு பெரிய பட்டினி இல்லை. சாயங்காலம் இருட்டிய பிறகு வையுங்கள், பகலில் வேண்டாம். இரையின் அகலம் பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடக் கூடுதலாக இருக்கக்கூடாது, அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பயப்படும். அசையாததை அது பெரும்பாலும் இரையாகவே எடுத்துக்கொள்ளாது, அதனால் டப்பாவில் அடைத்த உலர்ந்த புழு வேலைக்கு ஆகாது. கீரை, பழம், சோறு, கோழித் துண்டு எதுவும் வேண்டாம், இது பூச்சி மட்டுமே தின்கிற ஜாதி. கால்சியம் பவுடர் அவசியம்தான், ஆனால் சில பல்லிகள் மாவில் புரட்டிய வடை மாதிரி வெள்ளையாக வந்தால் தொடாது, முதல் ஓரிரு வேளைக்கு லேசாகத் தூவினால் போதும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், மருந்து அடித்ததாக இருக்கலாம், அதிலும் மின்மினிப் பூச்சி விஷம். மெழுகுப்புழு என்று ஒன்று விற்பார்கள், வேக்ஸ்வார்ம், வெறும் கொழுப்பு. அதைப் போட்டால் உடனே தின்னும், அடுத்த நாளிலிருந்து வேறெதையும் தின்னாது. பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன் மிட்டாய் கொடுத்த கதைதான். வேறு எதுவுமே நடக்காத கடைசிக் கட்டத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். தின்றதா என்று தட்டைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். கிராமில் காட்டுகிற சமையலறை எடை மெஷின், மேலே ஒரு சின்ன டப்பா, வாரத்துக்கு ஒரு தடவை, நோட்டில் எழுதி வையுங்கள். எங்களுடையது வந்தபோது 52 கிராம், பதிமூன்று நாள் பட்டினிக்குப் பிறகு 50. இரண்டு கிராமுக்கா நான் தூங்காமல் கிடந்தேன் என்று ஆகிவிட்டது. கொழுப்பையெல்லாம் வாலில்தான் சேர்த்து வைக்கும், வால்தான் அதன் குதிர். குதிர் நிறைந்திருக்கிற வரை வளர்ந்த பல்லி இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேலும்கூட. ஆனால் இது குஞ்சுக்குப் பொருந்தாது, இதைப் படிக்கிற யாருடையதாவது சில மாதக் குஞ்சாக இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

உடம்பு சாம்பல் பூசியது மாதிரி வெளுத்திருந்தால் தோல் உரிக்கப் போகிறது, அந்த ஒன்றிரண்டு நாள் சாப்பிடாது, உரித்த தோலைத் தானே தின்றுவிடும். உரிந்த பிறகு விரல் நுனியையும் கண்ணையும் மட்டும் பாருங்கள், கண்ணில் தோல் துணுக்கு ஒட்டியிருந்தால் இரை தெரியாமல் பட்டினி கிடக்கும். இனப்பெருக்கக் காலத்திலும் குளிர்காலத்திலும் சில பல்லிகள் வாரக்கணக்கில் வாயைக் கட்டிவிடும், ஆனால் அதெல்லாம் நம்மோடு பழகின பல்லிக்கு யோசிக்க வேண்டிய காரணம். வந்து ஆறு நாளான பல்லிக்கு முதல் சந்தேகம் எப்போதும் சூடும் பயமும்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வாயை நெம்பித் திறந்து ஊட்டுவது. வீடியோவில் சுலபமாகத்தான் தெரியும். தாடை ஒடியலாம், மூச்சுக்குழாய்க்குள் போகலாம், மிரண்டால் வாலையே உதறிவிடும், அப்புறம் குதிரும் போச்சு.

எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, வால் குச்சியாக மெலிந்தாலோ, தின்றதைக் கக்கினாலோ, எச்சம் தண்ணீராக நாறினாலோ, வாய் ஓரத்தில் சீழோ வீக்கமோ தெரிந்தாலோ, தாடை ரப்பர் மாதிரி வளைந்தாலோ இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய் பூனை மட்டும் பார்ப்பவரிடம் போனால் பணம்தான் செலவாகும். புதிய எச்சத்தை ஈரம் காயாமல் ஒரு சின்னப் பையில் கொண்டுபோங்கள், குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தின்கிறபோதே வால் மெலிந்துகொண்டு போனால் கிரிப்டோஸ்போரிடியம் (குடலைத் தாக்குகிற நுண்ணிய ஒட்டுண்ணி) சோதனையும் கேளுங்கள், அது கெட்ட நோய், ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். இரையைக் குறி பார்த்துக் கொத்தி ஒவ்வொரு முறையும் தவறவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்தால் அது வேறு, எனிக்மா என்கிற நிறவகையில் பிறவியிலேயே வருகிற நரம்புக் கோளாறு, அதற்கு இடுக்கியில் பிடித்துக் கொடுத்துப் பழக்க வேண்டியிருக்கும். உங்கள் போட்டோவில் இருப்பது சாதாரண மஞ்சள் புள்ளி வகை, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

(சிங்கப்பூரிலிருந்து இதைப் படித்துவிட்டு ஆசைப்படுபவர்களுக்கு: அங்கே லெப்பர்ட் கெக்கோ வளர்க்கச் சட்டப்படி அனுமதி இல்லை.)

இன்றைக்கு ராத்திரி துணியைப் போட்டு மூடுங்கள், சூடான பக்கத் தரையின் அளவைப் பல்லி படுக்கிற இடத்திலேயே எடுங்கள், எடையை ஒரு தடவை போட்டுவிட்டு ஒரு வாரத்துக்குத் தொடாதீர்கள். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள், கடைக்காரர் என்ன போட்டார் என்பதையும் சேர்த்து.