பிச்சாவரம் இலைச்சாறு வெள்ளையாகக் கலங்குவது ஏன்?

கேள்வி சுருக்கமாக: வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிகச்சிறு வெள்ளித் துகள்) செய்ய, பிச்சாவரத்து வெண்கண்டல் இலைச்சாற்றில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால், எல்லாரும் சொல்கிற பழுப்பு நிறம் வராமல் பால் மாதிரி கலங்குகிறது. நானோ துகள் உருவாகிவிட்டதா?

இல்லை. அது சில்வர் குளோரைடு. வெண்கண்டல் (அவிசென்னியா மரீனா) உப்பை இலை வழியாகவே வெளியேற்றுகிற மரம். மேலே படிந்த உப்பைக் கழுவிவிடலாம், இலைக்குள் இருப்பதை முடியாது. 1 மில்லிமோலார் (லிட்டருக்கு 170 மி.கி. சில்வர் நைட்ரேட்) வெள்ளிக் கரைசலில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் குளோரைடு இருந்தாலே வீழ்படிவுக்கான எல்லை தாண்டிவிடும். கடலோரத்து போர் தண்ணீரில் குடுவை அலசினாலும் இதே கதைதான். இருமுறை வடித்த நீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

வழக்கமான அளவு இது: 10 கிராம் இலையை நறுக்கி 100 மி.லி. நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் வாட்மேன் 1 வடிதாளில் வடிகட்டுங்கள். 17 மி.கி. சில்வர் நைட்ரேட்டை 100 மி.லி. நீரில் கரைத்து, அதில் 9 பங்குக்குச் சாறு 1 பங்கு. முதலில் கொஞ்சம் சாற்றில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, ஒரு சொட்டு வெள்ளிக் கரைசல் சேர்த்துப் பாருங்கள். தயிராய்த் திரிந்தால் குளோரைடு உறுதி.

பழுப்பு வந்தாலும் நம்பிவிடாதீர்கள். சாறு காற்றுபட்டுத் தானே கறுக்கும். அதனால் வெள்ளி சேர்க்காத சாற்றையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) பாருங்கள். 400–450 நானோமீட்டரில் மேடு தெரிந்தால்தான் வெள்ளித் துகள். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் கொண்டு படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 38 டிகிரியில் வரும் மேடு வெள்ளிக்கு, 32 டிகிரியில் வருவது சில்வர் குளோரைடுக்கு. இரண்டும் வந்தால் கலவை என்றே அறிக்கையில் எழுதுங்கள், அது குறையில்லை.

குளோரைடைப் பிரிக்க வேண்டுமானால், மையவிலக்கில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) அடியில் தங்கியதை நீர்த்த அம்மோனியாவில் கழுவி, பிறகு நீரில் இரண்டு மூன்று முறை கழுவலாம். அம்மோனியா கழுவுநீரை மட்டும் எடுத்துவைக்காதீர்கள், நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உருவாகும். அன்றே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலமாக்கி, வெள்ளிக் கழிவில் போடுங்கள்.

வேதியியல் துறை இத்தோடு நிறுத்திவிடும், துகள் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் நுண்ணுயிரியல் துறைக்கு இதற்குப் பிறகுதான் வேலை. பாக்டீரியா தட்டில் துகளோடு, வெறும் சாறு, அதே அளவு வெள்ளியுள்ள சில்வர் நைட்ரேட் இரண்டையும் வையுங்கள். கழுவாத துகளில் ஒட்டியிருக்கும் வெள்ளி அயனியே கிருமியைக் கொன்றுவிடும், பெயர் துகளுக்குப் போகும்.

இலை பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும், அது காப்புக்காடு. இனத்தைத் தாவரவியல் ஆசிரியரிடம் உறுதிசெய்யாமல் கிள்ளாதீர்கள்: அங்கேயே நிற்கும் தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.