வெப்பமும் நிலைமாற்றமும்: கேள்வி பதில்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): பனிக்கட்டியைத் தொடர்ந்து சூடாக்கினாலும், அது முழுவதும் உருகும்வரை வெப்பமானி 0 பாகை செல்சியஸிலேயே நிற்கிறது. கொடுத்த வெப்பம் எங்கே போகிறது ஐயா?

பதில்: பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஒழுங்கான அடுக்கில் ஒன்றையொன்று பிடித்தபடி அதிர்ந்துகொண்டிருக்கின்றன. 0 பாகையை எட்டியபின் நாம் கொடுக்கும் வெப்பம் அந்தப் பிடிப்பைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் கூடாததால் வெப்பமானியும் ஏறுவதில்லை. இதைத்தான் உருகலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற விஞ்ஞானி இதை அளந்து காட்டினார். 1 கிராம் பனிக்கட்டி 0 பாகையிலேயே நீராக 334 ஜூல் தேவை. அதே 334 ஜூல், உருகிய அந்த நீரை ஏறத்தாழ 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. ஆவியாக்க இன்னும் அதிகம், கிராமுக்கு 2257 ஜூல். நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். உலைநீர் சீக்கிரம் கொதித்துவிட்டாலும் வற்றித் தீர நெடுநேரம் ஆவது இதனால்தான்.

சோதனை செய்யும்போது கலக்கிக்கொண்டே இருங்கள். வெப்பமானியின் குமிழ் முகவையின் அடியைத் தொட்டால், பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போதே அளவு 0க்கு மேல் காட்டும். இன்னொன்று: மேலே சொன்ன எண்கள் இயல்பான வளிமண்டல அழுத்தத்துக்கு உரியவை. அழுத்தத்தைக் குறிப்பிடாமல் கொதிநிலையைப் பேசாதீர்கள்.

கேள்வி: உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆகிறதே, ஏன்?

பதில்: அழுத்தம்தான் காரணம். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அங்கே தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது; பருப்புக்கு அதற்குமேல் சூடு கிடைக்காது. குக்கரில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெயிட் நீராவியை அடைத்து வைப்பதால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகி, கொதிநிலை 120 பாகையை நெருங்குகிறது.

கேள்வி: அப்படியானால் திறந்த பாத்திரத்தில் அடுப்பைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் வேகுமா?

பதில்: கொதி வந்தபின் கூட்டினால் எரிவாயுவும் தண்ணீரும்தான் வீணாகும். வெப்பநிலை ஏறாது.

கேள்வி: கற்பூரம் உருகாமல் நேரே ஆவியாகும் பொருள் என்று எழுதலாமா?

பதில்: பதங்கமாகும் என்று எழுதுங்கள். உருகாது என்று எழுதாதீர்கள். இயல்பான அழுத்தத்தில் அது 175 பாகையை ஒட்டி உருகும்.

மறுப்பு (ஓர் ஆசிரியை): மன்னிக்கவும் ஐயா. உருகாமல் ஆவியாவதுதானே பதங்கமாதல்? மாணவர்களைக் குழப்ப வேண்டாம்.

மற்றொருவர்: ஆரத்தித் தட்டில் எரியும் கற்பூரத்தின் அடியில் திரவம் பளபளப்பதை நானே பார்த்திருக்கிறேன், அம்மா.

பதில்: அந்தத் திரவம் உருகிய கற்பூரம்தான். ஆசிரியை தந்த வரையறையில் பிழையில்லை. அந்த நிகழ்வு எந்த நிலைமையில் நடக்கிறது என்பதுதான் விட்டுப்போகிறது. உருகுநிலைக்குக் கீழேயும் கற்பூரத்தின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து வெளியேறும் ஆவி தரும் அழுத்தம், கணிசமாக இருப்பதால், டப்பாவில் வைத்த வில்லை அறை வெப்பநிலையிலேயே மெல்லக் கரைந்து சிறுத்துப்போகிறது. விரைவாகச் சூடேற்றினால் அதே பொருள் உருகவும் செய்கிறது. அயோடினும் அப்படியே, அதன் உருகுநிலை ஏறத்தாழ 114 பாகை. இயல்பான அழுத்தத்தில் எவ்வளவு சூடாக்கினாலும் திரவமாகாத பொருளுக்கு உதாரணம் வேண்டுமானால் உலர்பனியைச் சொல்லுங்கள்: திண்மக் கார்பன் டை ஆக்சைடு −78.5 பாகையில் நேரே வாயுவாகிறது, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் அழுத்தினால்தான் திரவமாகும். மீண்டும் அழுத்தத்துக்கே வந்து நிற்கிறோம். உலர்பனியை மூடிய பாட்டிலில் போட்டு விளையாடாதீர்கள், வெடிக்கும்.

கேள்வி: பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏன் மாறுவதில்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் ஃப்ரிட்ஜில் கேஸ் நிரப்ப எவ்வளவு செலவாகும்?

பதில்: மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: கொதிநீரைவிட நீராவி பட்டால் ஏன் அதிகம் வேகிறது, இரண்டும் 100 பாகைதானே?

பதில்: தோலில் பட்ட நீராவி முதலில் நீராகிறது, அப்போதே கிராமுக்கு 2257 ஜூல் தோலில் இறங்கிவிடுகிறது. அந்த நீர் பிறகு உடல் வெப்பநிலைக்குக் குளிரும்போது தருவது ஏறத்தாழ 263 ஜூல் மட்டுமே. கொதிநீர் தருவது இந்தப் பின்பகுதியை மட்டும்தான். குக்கர் மூக்கை ஒட்டி, வெண்புகை தொடங்குமுன் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று உண்டு. உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. வெண்மையாகத் தெரிவது குளிர்ந்த நீர்த்துளிகள்.

கேள்வி: கொதிக்காத தண்ணீர் எப்படி ஆவியாகிறது? மண்பானைத் தண்ணீர் மழைக்காலத்தில் ஏன் அவ்வளவாகக் குளிர்வதில்லை?

பதில்: திரவத்தின் மேற்பரப்பில் வேகம் மிகுந்த மூலக்கூறுகள் எந்த வெப்பநிலையிலும் தப்பிப் போகின்றன; எஞ்சுபவற்றின் சராசரி ஆற்றல் குறைவதால் நீர் குளிர்கிறது. பானைச் சுவரில் கசியும் 1 கிராம் நீர் 30 பாகையில் ஆவியாக ஏறத்தாழ 2430 ஜூல் எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும்தான் வருகிறது. மழைக்காலத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதால், தப்பிப்போகும் மூலக்கூறுகளுக்கு ஏறக்குறைய ஈடாக வெளியிலிருந்து மூலக்கூறுகள் திரும்பி வந்து சேர்கின்றன. பானையைக் காற்றோட்டமான ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். ஆனாலும் அடைமழை நாளில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.