பைக், பஸ், பிளேன்: வடசென்னைப் பிள்ளைகள் கேட்டவை

போக்குவரத்துத் திட்டமிடல்தான் என் தொழில், ஊர் எண்ணூர். இளைஞர்கள், காலநிலை, பயணம் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணா, நம்ம பசங்களுக்குக் காலநிலை பற்றி நிஜமாவே கவலை இருக்கா? எல்லாரும் பைக்கில்தானே சுத்துறாங்க?

இருக்கிறது தம்பி. 2021-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில் இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுக்குள் 10,000 பேரிடம் கேட்டார்கள். 59 சதவீதம் பேர் ரொம்பவே கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, எண்ணூரில் வலையும் படகும் கறுப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்ததைப் பார்த்த பிள்ளைகளிடம் ஆய்வே தேவையில்லை. ஆனால் மணலியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவனுக்கு, பக்கத்தில் மெட்ரோவும் இல்லை, லோக்கல் ரயிலும் இல்லை, பஸ் எப்போது வரும் என்றும் தெரியாது என்றால் பைக்தான். அவனைப் போய் அக்கறை இல்லாதவன் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

திருவொற்றியூரிலிருந்து: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா? கரன்ட்டுக்கும் அத்திப்பட்டில் நிலக்கரிதானே எரிக்கிறாங்க?

வாங்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 46 கி.மீ. தரும் வண்டி என்றால் கிலோமீட்டருக்கு 50 கிராம். எலெக்ட்ரிக் வண்டி ஒரு யூனிட்டில் 30 கி.மீ. ஓடுகிறது என்று வையுங்கள், நம் நாட்டு கரன்ட்டில் யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் சொச்சம், ஆக 25 கிராமுக்குள் முடிந்துவிடும். பாதிதான். என்ன, ஓட்டுகிறவர் அண்ணாநகரில் இருப்பார், சாம்பல் நம் பக்கம் விழும். இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

ராயபுரத்திலிருந்து: பிரெண்ட்ஸ் கோவாவுக்கு ஃபிளைட்டில் கூப்பிடுறாங்க, நான் ஏறுறது இதுதான் முதல் தடவை, உறுத்துது. கிரேட்டா மாதிரி ஏறவே கூடாதா?

காலநிலைக்காகப் போராடும் ஸ்வீடன் பெண் கிரேட்டா துன்பர்க் 2019-ல் ஃபிளைட்டைத் தவிர்த்துப் பாய்மரப் படகில் நியூயார்க் போனது, வருஷத்துக்குப் பல தடவை பறக்கிறவர்கள் நிறைந்த ஐரோப்பாவிலிருந்து. வாழ்க்கையில் முதல் தடவை ஏறப்போகிற நீங்கள் உறுத்தலோடு ஏற வேண்டாம். பெங்களூருக்கு ஃபிளைட் என்றால் மட்டும் திட்டுவேன். சென்ட்ரலில் வந்தே பாரத் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மீனம்பாக்கம் போய்க் காத்திருந்து, அங்கே இறங்கி தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள் வருவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய சில ஊர்களுக்கு பிரான்ஸ் 2023-ல் உள்நாட்டு விமானத்தையே தடை செய்துவிட்டது.

வியாசர்பாடியிலிருந்து: நான் காலேஜுக்கு ஃப்ரீ பஸ்ஸில்தான் போறேன். சுற்றுச்சூழலுக்காக இல்லை, காசு மிச்சம். இதுவும் கணக்கில் வருமா அண்ணா?

தாராளமாக வரும்மா. புகைக்கு உங்கள் நோக்கம் தெரியாது. 2021-ல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. 2025 ஜூனில் உங்கள் வியாசர்பாடி டிப்போவிலிருந்தே 120 எலெக்ட்ரிக் பஸ்கள் கிளம்பின. இத்தனைக்கும் பசுமைப் பயணம் என்று மேடையில் பேசக் கூப்பிடுவது காரில் வருகிறவர்களைத்தான்.

விம்கோ நகரிலிருந்து: 2021-லேயே மெட்ரோ வந்தும் எங்க தெருவில் பைக் குறையலையே?

ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் என்ன இருக்கிறது? ஷேர் ஆட்டோ, அதுவும் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். அந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு மினி பஸ் விட்டுவிட்டு அப்புறம் பசங்களைக் குறை சொல்லலாம்.