ஜாவாவில் த்ரெட்லோக்கலில் (த்ரெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பு வைக்கும் வசதி) வைத்த யூசர் ஐடி சில நேரம் இன்னொருவருடைய ரிக்வெஸ்ட்டில் வருகிறதே, ஏன்?

ரிக்வெஸ்ட் முடிந்ததும் 'ரிமூவ்' கூப்பிடாததுதான் பெரும்பாலும் காரணம். ஒருவர் விவரம் இன்னொருவர் கண்ணில் படுகிறது என்றால் அது பாதுகாப்புக் கோளாறு. அடுத்த ரிலீஸுக்குத் தள்ளாதீர்கள்.

வைக்கும் மதிப்பு த்ரெட்லோக்கல் ஆப்ஜெக்டுக்குள் இருப்பதில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் தன்னிடம் ஒரு மேப் வைத்திருக்கிறது. த்ரெட்லோக்கல் அதில் வெறும் கீ. த்ரெட் முடிந்தால்தான் மேப்பும் போகும். டாம்கேட் வெப் சர்வரிலோ த்ரெட் லேசில் முடியாது. பூலுக்கு (திரும்பத் திரும்பப் பயன்படுத்த வைத்திருக்கும் த்ரெட்களின் தொகுப்பு) திரும்பி அடுத்த ரிக்வெஸ்ட்டை எடுத்துக்கொள்ளும் (டீஃபால்ட்டாக அதிகபட்சம் 200 த்ரெட்கள்). லாகின் தேவையில்லாத பக்கம், டோக்கன் காலாவதியானதால் 'செட்' வரிக்கே வராத ரிக்வெஸ்ட் போன்றவற்றில் 'கெட்' கூப்பிட்டால், முந்தையவர் விட்டுப்போன ஐடி கையில் வரும். லேப்டாப்பில் ஒரே யூசராக ஓட்டினால் இது அகப்படவே அகப்படாது.

உறுதிசெய்ய, ஒரே த்ரெட் உள்ள ஃபிக்ஸட் பூலுக்கு இரண்டு டாஸ்க் கொடுங்கள். முதல் டாஸ்க் 101 என்று 'செட்' செய்யட்டும், இரண்டாவது 'கெட்' மட்டும் செய்து அச்சிடட்டும். 101 வரும்.

சரிசெய்ய வேண்டிய இடம் ஃபில்டர், அதாவது கண்ட்ரோலருக்குப் போகுமுன் ரிக்வெஸ்ட் கடந்துவரும் இடம். 'ட்ரை'க்குள் 'செட்' செய்து செயினை (அடுத்தடுத்த ஃபில்டர்கள், பிறகு கண்ட்ரோலர்) ஓடவிடுங்கள், 'ஃபைனலி'யில் 'ரிமூவ்' செய்யுங்கள். கண்ட்ரோலரின் கடைசி வரியில் வைத்தால், நடுவில் எக்செப்ஷன் வந்ததும் அந்த வரி ஓடாது. 'ரிமூவ்'வுக்குப் பதில் நல் செட் செய்வதும் சரியல்ல: என்ட்ரி மேப்பிலேயே கிடக்கும், 'வித்இனிஷியல்' கொடுத்திருந்தால் ஆரம்ப மதிப்பு வராமல் நல்தான் வரும்.

கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சர் மாதிரி வேறு பூலில் ஓடும் வேலைக்கு ஐடி தானாகப் போய்ச் சேராது. இதற்கு இன்ஹெரிட்டபிள்த்ரெட்லோக்கலைப் பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது த்ரெட் உருவாகும் கணத்தில் மட்டும் நகலெடுக்கும், பூல் த்ரெட்டோ எப்போதோ உருவானது. ஐடியை லோக்கல் வேரியபிளில் எடுத்து லாம்ப்டாவுக்குள் அனுப்புவதே நல்லது.

ஜாவா 25-இல் இருக்கிறீர்கள் என்றால் த்ரெட்லோக்கலுக்கு மாற்றான ஸ்கோப்ட்வேல்யூ பாருங்கள். பிளாக்கை விட்டு வெளியே வந்ததும் மதிப்பு தானே விலகிவிடும். நடுவில் யாரும் அதை மாற்றி 'செட்' செய்யவும் முடியாது. வர்ச்சுவல் த்ரெட்களை (வேலைக்கு ஒன்றாக உருவாக்கி விட்டுவிடும் இலகுவான த்ரெட்கள்) ஆயிரக்கணக்கில் ஓட்டும் சர்வர் என்றால், கனமான ஆப்ஜெக்டுகளை த்ரெட்லோக்கலில் கேஷ் செய்யும் பழக்கத்தையும் விடவேண்டும். த்ரெட்டுக்கு ஒரு பிரதி உருவாகும், மறுபடி பயன்படாது, மெமரிதான் வீணாகும்.